காத்மண்டு துப்பாக்கிச் சூடு: மறுநாள் மூண்ட தீ, முதல் நாள் தோட்டாவுக்கு நியாயமாகுமா?

நேப்பாளத் தலைநகர் காத்மண்டுவில் 2025 செப்டம்பர் 8ஆம் தேதி, நாடாளுமன்றக் கட்டடத்தின் முன் திரண்ட இளைஞர்கள் மீது போலீசார் துப்பாக்கிச் சூடு நடத்தினர். அன்று ஒரே நாளில் நாட்டில் 19 பேர் மாண்டனர். அவர்களில் 17 பேர் காத்மண்டுவிலும் இருவர் கிழக்கே உள்ள இத்தஹரி நகரிலும் உயிரிழந்தனர். மறுநாள் பிரதமர் கே.பி. சர்மா ஒலி பதவி விலகினார். அதே நாளில் நாடாளுமன்றக் கட்டடமும் தீக்கிரையானது.

ஆட்சி மாறிவிட்டது. இடைக்கால அரசும் அமைந்துவிட்டது. ஆனால் 'போலீஸ் சுட்டது சரியா, தவறா' என்ற வாதம் மட்டும் ஓயவில்லை. நேப்பாளத்தில் மட்டுமல்ல, நேப்பாளத் தொழிலாளர்கள் இருக்கும் நாடுகளிலெல்லாம் அது தொடர்கிறது.

மலேசியாவில் இதைத் தூரத்துச் செய்தி என்று ஒதுக்கிவிட முடியாது. அடுக்குமாடி வாசலில், தொழிற்சாலை கேட்டில், வங்கி முகப்பில் நிற்கும் அந்நியநாட்டுப் பாதுகாவலர் பெரும்பாலும் நேப்பாளியாகத்தான் இருப்பார். அந்தப் பணிக்கு வெளிநாட்டவரில் நேப்பாளியரை மட்டுமே எடுக்கலாம் என்பது நம் நாட்டின் விதி. தோட்டத்திலிருந்து பட்டணத்துக்கு வந்த நம்மவர்கள் பலர் இவர்களோடு ஒரே தொழிற்சாலையில் ஷிப்ட் பார்க்கிறார்கள். அந்த வாரம் காத்மண்டு விமான நிலையம் மூடப்பட்டபோது, ஊருக்குப் போகவும் முடியாமல், வீட்டில் என்ன நிலவரம் என்று தெரியாமலும் இங்கே தவித்தவர்கள் அவர்கள்.

வாட்ஸ்அப் நின்ற நாள்

செப்டம்பர் 4ஆம் தேதி நேப்பாள அரசு 26 சமூக ஊடகத் தளங்களை முடக்கியது. பேஸ்புக், வாட்ஸ்அப், யூடியூப், இன்ஸ்டாகிராம் எல்லாம் அதில் அடக்கம். குறித்த கெடுவுக்குள் அந்த நிறுவனங்கள் நேப்பாளத்தில் பதிந்துகொள்ளவில்லை என்பது அரசு சொன்ன காரணம்.

வெளிநாட்டு வேலையை நம்பி வாழும் ஒரு நாட்டில் வாட்ஸ்அப் என்பது பொழுதுபோக்கு அல்ல. நேப்பாளத்தின் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் நான்கில் ஒரு பங்குக்கும் மேலான தொகை, வெளிநாட்டில் வேலை செய்பவர்கள் அனுப்பும் பணமாகவே வருகிறது. கணவன் ஷா ஆலாமில், மனைவியும் பிள்ளையும் மலைக் கிராமத்தில் என்று இருக்கும் குடும்பத்துக்கு அந்தக் கைப்பேசி அழைப்புதான் குடும்ப வாழ்க்கை. அதை ஓர் உத்தரவில் நிறுத்தியது அரசு.

ஆனாலும் இளைஞர்கள் வீதிக்கு வந்தது வெறும் பேஸ்புக்குக்காக என்று சொன்னால் அது அவர்களைக் கொச்சைப்படுத்துவதாகும். 2008இல் முடியாட்சி ஒழிந்த பிறகு அங்கே எந்த அரசும் ஐந்தாண்டுத் தவணையை முழுதாக முடித்ததில்லை. ஒலி, தேவுபா, பிரசண்டா என்று அதே முகங்கள் நாற்காலி மாற்றி உட்கார்ந்தன. வேலை இல்லாமல் தினமும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இளைஞர்கள் விமானம் ஏற, அரசியல்வாதிகளின் பிள்ளைகள் வெளிநாட்டுச் சுற்றுலாவையும் விலையுயர்ந்த கைப்பைகளையும் இணையத்தில் காட்டிக்கொண்டிருந்தார்கள். 'நெப்போ கிட்' என்ற பெயரில் அந்தப் படங்கள் வாரக்கணக்கில் வலம் வந்தன. தடை வந்தது அதற்குப் பிறகுதான்.

செப்டம்பர் 8 காலையில் மைத்திகர் பகுதியில் கூட்டம் அமைதியாகவே சேர்ந்தது. பள்ளி, கல்லூரிச் சீருடையோடு வந்தவர்களும் இருந்தனர். அங்கிருந்து நியூ பானேஸ்வரில் உள்ள நாடாளுமன்றத்தை நோக்கி நகர்ந்தபோது நிலைமை மாறியது. தடுப்புகள் தள்ளப்பட்டன, கற்கள் பறந்தன, சிலர் வளாகத்துக்குள் நுழைய முயன்றனர். போலீசார் தண்ணீர் பாய்ச்சினர், கண்ணீர்ப்புகை வீசினர், ரப்பர் தோட்டா சுட்டனர். ஊரடங்கு அறிவிக்கப்பட்டது. பிறகு உண்மையான தோட்டாக்கள் பாய்ந்தன.

சுட்டவர்கள் பக்கத்து வாதம்

போலீசாருக்காகப் பேசுகிறவர்கள் சொல்வதை அலட்சியமாகத் தள்ளிவிடக் கூடாது. அவர்களின் வாதம் இப்படிப் போகிறது. நாடாளுமன்றம் சாதாரணக் கட்டடம் அல்ல. அதைக் காப்பது போலீசின் கடமை. கூட்டம் எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு பெரியது. போலீசார் எண்ணிக்கையோ குறைவு. தண்ணீரும் புகையும் பலிக்கவில்லை. ஊரடங்கு அறிவித்த பிறகும் கூட்டம் கலையவில்லை. மாணவர் கூட்டத்துக்குள் வேறு நோக்கமுள்ளவர்கள் புகுந்துவிட்டார்கள். போராட்ட ஏற்பாட்டாளர்களே இதைச் சொல்லி, பிள்ளைகளை வீட்டுக்குத் திரும்பும்படி கேட்டுக்கொண்டார்கள் என்பதும் உண்மை.

பதவியிழந்த ஒலி இன்னும் ஒரு படி மேலே போனார். போராட்டக்காரர்களைச் சுடும்படி அரசு உத்தரவிடவே இல்லை, போலீசிடம் இல்லாத தானியங்கி ஆயுதங்களிலிருந்து தோட்டாக்கள் வந்துள்ளன, இதை விசாரிக்க வேண்டும் என்று செப்டம்பர் மாதத்திலேயே அறிக்கை விட்டார்.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. நாடாளுமன்றத்தைக் காக்கச் சுட்டோம் என்பது ஒரு வாதம். நாங்கள் சுடச் சொல்லவில்லை, வேறு யாரோ சுட்டார்கள் என்பது இன்னொரு வாதம். இரண்டையும் ஒரே தரப்பு ஒரே மூச்சில் சொல்ல முடியாது. முதலாவது, செயலை ஒப்புக்கொண்டு நியாயம் கேட்கிறது. இரண்டாவது செயலையே மறுக்கிறது. நியாயமான காரியம் என்று உண்மையிலேயே நம்பியிருந்தால், உத்தரவு என்னுடையது என்று சொல்ல ஒருவராவது முன்வந்திருப்பார். உள்துறை அமைச்சர் ரமேஷ் லேக்காக் அன்று மாலையே தார்மீகப் பொறுப்பேற்றுப் பதவி விலகினார். அதைப் பாராட்டலாம். ஆனால் தார்மீகப் பொறுப்பு வேறு, உத்தரவுக்கான பொறுப்பு வேறு.

முழங்காலுக்குக் கீழே

கூட்டத்தின் மீது சுடவே கூடாது என்று நேப்பாளச் சட்டம் சொல்வதில்லை. எப்போது, எப்படி என்பதுதான் கேள்வி. நேப்பாளத்தின் 1971ஆம் ஆண்டு உள்ளூர் நிர்வாகச் சட்டப்படி, நிலைமை கைமீறும்போது மாவட்டத் தலைமை அதிகாரி சுட உத்தரவிடலாம். ஆனால் முதலில் எச்சரிக்க வேண்டும். வேறு வழியில்லை என்றால்தான் சுட வேண்டும், அதுவும் முழங்காலுக்குக் கீழே. சட்டத்திலேயே எழுதப்பட்ட நிபந்தனை இது.

அன்று மருத்துவமனைகளுக்கு வந்தவர்களில் பலருக்குத் தலையிலும் கழுத்திலும் மார்பிலும் தோட்டாக் காயம் இருந்ததாக மருத்துவர்கள் கூறினர். ஒருவருக்கு இருவருக்கு என்றால் நெரிசலில் குறி தவறியது என்று வாதாடலாம். பலருக்கு அப்படியென்றால் குறி தவறியது என்ற சொல் பொருந்தாது. ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் மனித உரிமை அமைப்பு பின்னர் வெளியிட்ட ஆய்வும், போலீசார் மூன்று மணி நேரத்துக்கும் மேலாகப் பல தடவை கூட்டத்தின் மீது சுட்டதாகச் சொல்கிறது. மூன்று மணி நேரம் என்பது பதற்றத்தில் ஒரு விரல் அசைந்த கணக்கு அல்ல. முதல் பிள்ளை விழுந்ததும் மேலதிகாரிகளுக்குத் தகவல் போயிருக்கும். நிறுத்தச் சொல்ல நேரம் இருந்தது. பின்வாங்கி வாசலை மட்டும் காக்கச் சொல்லவும் நேரம் இருந்தது.

1990இல் ஐக்கிய நாட்டு நிறுவனத்தின் ஹவானா மாநாடு ஏற்றுக்கொண்ட கோட்பாடுகள் இன்னும் கறாரானவை. தனக்கோ பிறருக்கோ உயிர் போகும் அல்லது கடுங்காயம் ஏற்படும் உடனடி ஆபத்து இருந்தால்தான் போலீஸ் துப்பாக்கியை எடுக்கலாம். வன்முறைக் கூட்டமாக இருந்தாலும் இதே அளவுகோல்தான். கட்டடமோ வேலியோ வாகனமோ அந்தப் பட்டியலில் இல்லை. கண்ணாடியை உடைப்பவனைக் கைது செய்யலாம், வழக்குப் போடலாம், சிறையில் தள்ளலாம். சுட்டுக் கொல்ல முடியாது.

ஊடுருவல்காரர்கள் வாதத்தையும் இந்த அளவுகோலில் வைத்துப் பார்க்க வேண்டும். கூட்டத்தில் கலகக்காரர்கள் புகுந்தார்கள் என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் சுடப்பட்டவர்கள் அந்தக் கலகக்காரர்கள்தான் என்று காட்ட வேண்டும். அதை யாரும் இதுவரை காட்டவில்லை. கூட்டத்தில் மாணவர்கள் கலந்திருக்கிறார்கள் என்று தெரிந்தே சுட்டார்கள் என்றால் குற்றம் கூடுமே தவிரக் குறையாது.

செப்டம்பர் 9

சூட்டை நியாயப்படுத்துவோரின் கையில் இருக்கும் பெரிய ஆயுதம் மறுநாள் நடந்த கோரம். நாடாளுமன்றம், அரசுத் தலைமையகமான சிங்க தர்பார், உச்சநீதிமன்றம், தலைவர்களின் வீடுகள், ஹில்டன் ஹோட்டல், பாட்பாட்டேனி பேரங்காடிகள் என ஒவ்வொன்றாக எரிந்தன. முன்னாள் பிரதமர் தேவுபாவும் அவர் மனைவியும் வீட்டிலேயே தாக்கப்பட்டனர். நாடு முழுவதும் சிறைகள் உடைக்கப்பட்டு 13,000க்கும் மேற்பட்ட கைதிகள் தப்பினர். போலீஸ்காரர்கள் மூவரைக் கூட்டம் அடித்தே கொன்றது. இரு நாள்களிலும் அதைத் தொடர்ந்தும் மாண்டவர்கள் மொத்தம் 70க்கும் மேல். பேரங்காடித் தீயில் கருகியவர்களும் சிறைக் கலவரங்களில் சுடப்பட்ட கைதிகளும் அதில் அடக்கம்.

'பார்த்தீர்களா, இப்படிப்பட்ட கூட்டத்தைத்தான் போலீஸ் முதல் நாளே தடுக்க முயன்றது' என்று இப்போது சொல்கிறார்கள். கேட்கப் பொருத்தமாக இருக்கிறது. ஆனால் இது காலத்தைத் தலைகீழாக்கும் வாதம். செப்டம்பர் 8 மதியம் துப்பாக்கியை உயர்த்திய போலீஸ்காரருக்கு செப்டம்பர் 9 தெரியாது. அவர் கண் முன்னே இருந்தது என்ன என்பதை வைத்துத்தான் அவர் செய்ததை எடைபோட முடியும். அன்று கூட்டத்தால் ஒரு போலீஸ்காரரின் உயிரும் போகவில்லை. காயமடைந்தார்கள், அது உண்மை. அன்று மாண்டவர்கள் போராட வந்தவர்களே.

இன்னொன்றையும் பார்க்க வேண்டும். தடை நீக்கம், அமைச்சர் விலகல் இரண்டும் 8ஆம் தேதி இரவுக்குள் நடந்துவிட்டன. அதாவது, போராட்டக்காரர்கள் முதலில் கேட்டது கிடைத்துவிட்டது. அப்படியும் மறுநாள் கூட்டம் பல மடங்கு பெருகியது என்றால், அதற்குக் காரணம் 19 பிணங்கள். நாடாளுமன்றத்தைக் காக்கச் சுட்டார்கள், சுட்டதாலேயே அடுத்த நாள் அதைக் காக்க ஆளில்லாமல் போனது. சீன உதவியில் கட்டப்பட்ட அந்த மாநாட்டு மண்டபம்தான் நாடாளுமன்றமாக இயங்கி வந்தது. அது எரிந்தபோது போலீசார் ஒதுங்கி நின்றனர். தெருவைக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவர இராணுவம் வரவேண்டியதாயிற்று.

இதையே மறுபக்கமும் திருப்பிப் பார்க்க வேண்டும். 8ஆம் தேதி கொலைகள் 9ஆம் தேதி கொலைகளுக்கு நியாயமாகா. அடித்துக் கொல்லப்பட்ட மூன்று போலீசாருக்கும் குடும்பம் உண்டு. பேரங்காடியில் கருகியவர்கள் யாரையும் சுடவில்லை. இளைஞர் புரட்சி என்று கொண்டாடுகிறவர்கள் பலர் இந்தப் பக்கத்தை வேகமாகப் புரட்டிவிடுகிறார்கள். இடைக்கால அரசு 8ஆம் தேதி பலியானோரைத் தியாகிகளாக அறிவித்து, குடும்பத்துக்கு 10 லட்சம் நேப்பாள ரூபாய், ஏறக்குறைய 30,000 ரிங்கிட், உதவித்தொகை அறிவித்தது. தேவையான உதவிதான். ஆனால் தியாகி என்ற பட்டத்தோடு விசாரணை முடிந்துவிட்டதாக யாரும் நினைத்துவிடக் கூடாது.

கிள்ளானும் மெமாலியும்

'வெளியாட்கள் தூண்டினார்கள், அதனால் சுட நேர்ந்தது' என்ற வசனம் தோட்டத்து மக்களுக்குப் புதிதல்ல. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது அவர்கள் கேட்டது கூடுதல் சம்பளம் மட்டும் அல்ல. துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும் என்றும் கேட்டார்கள். தலைவர் ஆர்.எச். நாதன் மே மாதத்தில் கைதானார், கொந்தளிப்பு பரவியது, துருப்புகள் வந்தன, சூட்டில் தொழிலாளர்கள் மாண்டனர். அன்றைய வெள்ளைக்கார நிர்வாகம் பழியைக் கலகம் மூட்டியவர்கள் மீது போட்டது. சைக்கிள் விவகாரத்தைப் பற்றி அது அவ்வளவாகப் பேசவில்லை.

சுதந்திர மலேசியாவில் மெமாலி இருக்கிறது. 1985 நவம்பர் 19ஆம் தேதி, கெடா பாலிங் அருகே உள்ள அந்தக் கம்பத்தில் இப்ராஹிம் மஹ்மூட் என்ற சமயத் தலைவரைக் கைது செய்யப் போலீஸ் போனது. மோதலில் கிராமத்தினர் 14 பேரும் போலீசார் நால்வரும் மாண்டனர். மெமாலி காத்மண்டு போன்றதல்ல. அங்கே இரு தரப்பிலும் உயிர் போனது, எதிரே நின்றவர்களிடம் ஆயுதம் இருந்தது. அரசு 1986இல் வெள்ளை அறிக்கை வெளியிட்டது. பாஸ் கட்சி மாண்ட கிராமத்தினரைத் தியாகிகள் என்றது. 40 ஆண்டுகளாகியும் இரு தரப்பும் தத்தம் இடத்திலேயே நிற்கின்றன. அன்று பிரதமர் மகாதீர் நாட்டில் இருந்தாரா இல்லையா என்பதே பல ஆண்டுகள் கழித்து, அப்போதைய உள்துறை அமைச்சர் மூசா ஹீத்தாம் பேசிய பிறகு, புதிய சர்ச்சையானது. சுயேச்சையான விசாரணை ஆணையம் இல்லாமல் போனதன் விளைவு அது. அறிக்கையை எழுதியதே வழக்கில் ஒரு தரப்பாக இருந்த அரசுதான். அதை மறுதரப்பு எப்படி ஏற்கும்?

மூன்று ஆணையங்கள், மூன்று அலமாரிகள்

நேப்பாளத்தில் ஆணையத்துக்குப் பஞ்சமில்லை. 1990 மக்கள் போராட்டத்தில் நடந்த அடக்குமுறையை மல்லிக் ஆணையம் விசாரித்தது. 2006இல் மன்னராட்சிக்கு எதிரான இரண்டாவது போராட்டத்தை ராயமாஜி ஆணையம் விசாரித்தது. இரண்டும் பொறுப்பானவர்களைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டன. இரண்டு அறிக்கைகளும் கிடப்பில் போடப்பட்டன.

2015இல் புதிய அரசியலமைப்புச் சட்டத்தை எதிர்த்துத் தெற்குச் சமவெளியான தராயில் போராட்டம் வெடித்தது. டிகாபூரில் கூட்டம் 8 போலீசாரையும் ஒரு குழந்தையையும் கொன்றது. அடுத்த வாரங்களில் போலீஸ் சூட்டில் போராட்டக்காரர்கள் அடுத்தடுத்து மாண்டனர். அந்த ஆண்டு தராய் கலவரங்களில் மொத்தம் 40க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. முன்னாள் நீதிபதி கிரீஷ் சந்திர லால் தலைமையிலான ஆணையம் 2017இல் அறிக்கை கொடுத்தது. அடுத்தடுத்து வந்த அரசுகள் அதை மக்களுக்கு வெளியிடவில்லை.

தராயில் மாண்டவர்களுக்காகக் காத்மண்டு அப்போது பெரிதாகக் கொதிக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். சமவெளி மக்களான மாதேசிகள் மொழியாலும் தோற்றத்தாலும் வேறாகப் பார்க்கப்படுபவர்கள். அவர்களுக்கும் முழங்காலுக்கு மேலேதான் சுடப்பட்டது என்று மனித உரிமை அமைப்புகள் அன்றே எழுதின. அப்போது யாராவது ஓர் அதிகாரி நீதிமன்றம் ஏறியிருந்தால், பத்தாண்டுகள் கழித்து நியூ பானேஸ்வரில் நின்றவர்கள் விசையை அழுத்தும் முன் ஒரு கணம் தயங்கியிருப்பார்கள். தண்டனை இல்லாத பழக்கம், எல்லையோரத்தில் கற்றுத் தலைநகரில் அரங்கேறியது.

இப்போது நான்காவது ஆணையம். முன்னாள் நீதிபதி கௌரி பகதூர் கார்க்கி தலைமையில் செப்டம்பரில் அமைக்கப்பட்டது. முதலில் மூன்று மாதத் தவணை கொடுக்கப்பட்டது. அதன் பரிந்துரையின் பேரில் ஒலி, லேக்காக் உள்ளிட்டோர் அனுமதியின்றிக் காத்மண்டுவை விட்டு வெளியேறக் கூடாது என்று கட்டுப்பாடு விதிக்கப்பட்டது. முந்தைய மூன்றைவிட இது உறுதியான தொடக்கம். இடைக்காலப் பிரதமராக இருந்த சுசீலா கார்க்கி நாட்டின் முன்னாள் தலைமை நீதிபதி. ஆணைய அறிக்கை என்றால் என்ன, அது எப்படிக் காணாமல் போகும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆனால் அவருடைய அரசு, தேர்தல் வரைக்குமான அரசாக மட்டுமே அமைக்கப்பட்டது. தேர்தலுக்கு நாள் 2026 மார்ச் 5 என்று குறிக்கப்பட்டது. அறிக்கையின்மீது நடவடிக்கை எடுக்க வேண்டியது தேர்தலுக்குப் பின் வந்த அரசு. அந்த அரசுக்குத் தினமும் இதே போலீஸ் படைதான் தேவைப்படும். 

எனவே அறிக்கையில் கவனிக்க வேண்டியவை சில உண்டு. சுடும் உத்தரவு எழுத்தில் இருந்ததா? அதில் யார் கையெழுத்து? முதல் உயிர் போன நேரத்துக்கும் கடைசித் தோட்டா பாய்ந்த நேரத்துக்கும் இடையே கம்பியில்லாக் கருவியில் யார் யாரிடம் என்ன பேசினார்கள்? எந்தத் துப்பாக்கி, எத்தனை தோட்டா, யார் பெயரில் வழங்கப்பட்டது? ஒலி சொன்ன தானியங்கி ஆயுதக் கதைக்கும் இந்தத் தோட்டாக் கணக்குத்தான் பதில் சொல்லும். வரிசையில் நின்ற நான்கு கான்ஸ்டபிள்கள் மீது மட்டும் வழக்குப் போட்டு முடித்துவிட்டால், அது மேலே இருந்தவர்களைக் காப்பாற்றும் வேலையாகிவிடும். அந்தக் கான்ஸ்டபிளும் மலேசியாவுக்கு வேலைக்குப் போகாமல் தங்கிவிட்ட ஓர் ஏழை வீட்டுப் பிள்ளையாகவே இருப்பார்.

லால் ஆணையத்தின் அறிக்கையையும் இதோடு சேர்த்து வெளியிட இடைக்கால அரசுக்குத் தடையேதும் இருக்கவில்லை. டிகாபூர் போலீஸ்காரர்களின் குடும்பங்களும், தராயில் சுடப்பட்டவர்களின் குடும்பங்களும் அதற்காகப் பல ஆண்டுகளாகக் காத்திருக்கின்றன.